ஈ மொய்க்காத ஐஸ் பெட்டி

என் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு படலையைத் தள்ளியபோது நல்ல உச்சி வெயில். ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுச் சரிந்து கிடக்கும் நேரம். அதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம். கரையில் வலை பொத்துபவர்கள் வாடிக் கொட்டிலுக்குள் போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை.

ஆனால் ரோஸ்லின் மச்சாள் இருந்தார். இவருடைய மூத்த அக்கா, அடுத்த வளவுக்காரர். வேலியோரம் குந்தியிருந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, பெட்டிக்குள்ள?”

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “மீன் மச்சாள்.”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெட்டி அன்று விடியப்புறம் எங்கள் கரையிலிருந்து மீனோடு சிலாபம் சந்தைக்குப் போன பெட்டி. திரும்பி வரும்போது அது வெறும் பெட்டியாகத்தான் வர வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்று உண்மையைப் போலவே ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருக்கலாம். நான் கெடுத்தேன்.

மச்சாள் கருவாட்டிலிருந்து கையை எடுத்தார். “மீனா? கடல் வீட்டுக்குப் பின்னால கிடக்கு. தம்பி சிலாபத்தில போய் மீன் வாங்கிட்டு வாறானா?”

“வித்துப்போகாம மிஞ்சினது மச்சாள்.”

“ஓம் ஓம்.” அவர் பெட்டியையே பார்த்தார். “ஒரு சொட்டுத் தண்ணி வடியல்ல. ஈ ஒண்டும் பின்னால வரல்ல. நல்ல மீன்தான்.”

உள்ளே இருந்தவை சூட்கேஸ்கள். சிலாபத்தில் வாங்கி, சின்னதைப் பெரியதுக்குள் வைத்து, பெரியதை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார் இவர். அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தபோது புதுப் பிளாஸ்டிக் வாசமும் பழைய பாரை மீன் வாசமும் ஒன்றாக அடித்தன. அந்தச் சூட்கேஸ் ஒன்றில் இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த வாசம் வரும்.

ஏன் இந்த ஒளிப்பு?

இந்தத் தொடரை வாசிக்கும் ஒரு சகோதரி எனக்கு எழுதியிருந்தார். “நீங்கள் படித்த நேர்ஸ். முறைப்படி விசா எடுத்து, குடும்பத்தோடு நிரந்தரமாக அவுஸ்திரேலியா போனவர்கள். கள்ளர் மாதிரி ஏன் ஒளித்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். அவர் நிச்சயமாக எங்கள் கரையோரத்தவர் அல்ல.

சிலாபத்திலிருந்து உடப்புப் பக்கம் போகும் கரைப்பாதையில், எங்கள் கத்தோலிக்க வேதக்கார ஊர்களில், வெளிநாட்டுப் பயணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விமானம் மேலே ஏறும்வரை அது இரகசியம். கண்ணூறு என்பார்கள், நாவூறு என்பார்கள். சிங்களத்தில் ‘கட்டவஹ’ என்பதை நாங்களும் அப்படியே சொல்வோம். வாயில் இருக்கிற நஞ்சு என்று அர்த்தம். ஒருவர் கெட்ட எண்ணத்தோடு சொல்ல வேண்டும் என்றில்லை. “அடேயப்பா, போகப்போறீங்களா!” என்று ஆசையாகச் சொன்னாலும் போதும். காரியம் நின்றுவிடும்.

நம்பாதவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்து ‘கனடா’ என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டோ ஓடுகிற ஒருவர் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. விசா வருவதற்கு முன்பே ஆடு அடித்து ஊருக்கு விருந்து வைத்தார். கனடா விசா வரவில்லை, பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய பிள்ளைகளைக்கூடக் கனடாவின் மகன், கனடாவின் மகள் என்றுதான் சொல்வார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். காய்ச்சலுக்கு நூல் கட்டிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டி அனுப்பியவள். ஆனால் என் விசா என்று வந்ததும் என் படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. வாய் திறந்தால் கெட்டேன் என்றே இருந்தேன்.

எந்தப் பல்?

ஆங்கிலப் பரீட்சைக்காகக் கொழும்புக்கு ரயிலேறியபோது பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பின்னேரம் திரும்பி வந்தபோது மச்சாள் படலையில் நின்றார்.

“எந்தப் பல்லு ஜெசி?”

“கடைவாய்ப் பல்லு மச்சாள்.”

“ஆ காட்டு.”

காட்டினேனா? காட்டினேன். என்ன செய்வது! முன்பு எப்போதோ பிடுங்கிய பல்லின் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கிட்ட வந்து பார்த்தார். “உன்ட வாய் புண் கெதியா மாறுற வாய்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். பரீட்சையைவிட அந்தப் பல் பரிசோதனைதான் என்னைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து என் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. இந்தப் பயணத்துக்கு ஒரு தடை வருமென்றால் அது மச்சாளின் வாயிலிருந்துதான் வரும். சந்தேகம் என்னுடைய பிறவிக் குணம். கடையில் வாங்கிய பாண் ரொட்டியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கூடைக்குள் போடமாட்டேன். அந்தக் குணத்துக்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

மச்சாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷன் கடலில் இறந்தவர். ஒரே மகன் ஜூட்சன். அவன் மீசை அரும்பிய வயதில், எனக்குக் கலியாணமாகி வந்த புதிதில், ஆட்களை ஏற்றிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு படகில் போனான். எங்கள் கரையிலிருந்து சின்ன போட்டில் கொண்டுபோய், நடுக்கடலில் நிற்கும் பெரிய படகுக்கு மாற்றுவார்கள். அந்தப் படகைப் பற்றி அதன் பிறகு நம்பும்படியான ஒரு கதையும் இல்லை. கரை சேர்ந்தது என்றும் இல்லை, மூழ்கியது என்றும் இல்லை. ஊரில் யாரும் அவர் முன்னால் அவுஸ்திரேலியா என்ற சொல்லை எடுப்பதில்லை.

இப்போது நாங்கள் போகப்போவதும் அதே நாட்டுக்கு. மகனைக் கொண்டுபோன இடத்துக்குத் தம்பி பெட்டி கட்டுகிறான் என்று தெரிந்தால் அவருடைய வயிறு எரியாதா? எரிந்தால் அந்த வாய் சும்மா இருக்குமா? இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

மடுக் கோயில்

விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அடுத்த கிழமை பயணம். போட்டை மட்டும் விற்க வேண்டியிருந்தது. கற்பிட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்குவதாகச் சொன்னார். எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். அதனால் இவர் மண்ணெண்ணெய்க் கேன்களை நிரப்பி வீட்டு விறாந்தையில் அடுக்கி வைத்தார். வாங்குபவர் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. கேன்கள் அங்கேயே இருந்தன.

மச்சாள் கேன்களைப் பார்த்தார். பிள்ளைகள் ரியூசனுக்குப் போகாததைப் பார்த்தார். நான் துவைத்துப் போட்ட உடுப்புகள் கொடியிலிருந்து அலுமாரிக்குப் போகாமல் வேறெங்கோ போவதையும் பார்த்தார். ஒரு காலையில் நேரே கேட்டார்.

“எங்க வெளிக்கிடுறீங்க ஜெசி?”

நான் தயாராகத்தான் இருந்தேன். “மடுவுக்கு மச்சாள். ஒரு நேத்திக்கடன் இருக்கு. குடும்பத்தோட போய்த் தங்கிட்டு வாறம்.”

எங்கள் ஆட்கள் மடு மாதா கோயிலுக்குப் போவதென்றால் பாத்திரம், பாய், அரிசி என்று வீட்டையே கட்டிக்கொண்டுதான் போவார்கள். பெட்டிகளுக்கு அதைவிட நல்ல சாட்டு இல்லை. நான் என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

மச்சாளின் முகம் வெளுத்தது. கையிலிருந்த ஓலைப்பெட்டி சரிந்து கருவாடு மண்ணில் கொட்டியது. அதைப் பொறுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

“பாத்தீங்களா, நாங்க கோயிலுக்குப் போறதுகூட உங்கட அக்காவுக்குப் பிடிக்கல்ல” என்று இவரிடம் சொன்னேன்.

ஜீப்

மறுநாள் பாண்காரன் வந்துபோன கையோடு பொலிஸ் ஜீப் வந்தது. ஒரு சார்ஜனும் இரண்டு கொஸ்தாப்பல்களும் இறங்கினார்கள். சார்ஜன் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைத்தார்.

“யாரு அன்ரன்? உங்கட போட்ல ஆள் ஏத்துறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு.”

இவர் கதிரையிலிருந்து எழுந்த விதத்திலேயே குற்றவாளி மாதிரி ஆகிவிட்டார். நல்ல மனிதர்களுக்குப் பொலிஸைக் கண்டால் அப்படித்தான். கேன்களைப் பார்த்தார்கள். வலை போடும் அறையைத் திறந்தார்கள். ஈர வலைக்குக் கீழே புதுச் சூட்கேஸ்கள், பிள்ளைகளின் குளிர் உடுப்புகள், ஒரு பை நிறைய மிளகாய்த்தூள்.

“எங்க போறீங்க?”

வேலி நீளத்துக்குத் தலைகள் முளைத்துவிட்டன. முழு ஒழுங்கையும் நின்றது. ‘கனடா’ தன் ஓட்டோவை நிறுத்திவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்ல ஏலாதெண்டா ஜீப்ல ஏறுங்க.”

கொஸ்தாப்பல் இவருடைய கையைப் பிடித்தார். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு முறைப்பாட்டில் இவருடைய பெயர் ஏறினால் எயார்போட்டில் நிறுத்திவிடுவார்கள். வருடக்கணக்காக இழுபட்டு வந்த விசா, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் போய்விடும். கட்டவஹவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் கேஸோடு இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அரிசி வாளிக்குள் கையை விட்டுப் பாஸ்போட்களை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். “சேர், நாங்க அவுஸ்திரேலியாவுக்குப் போறம். பிளேன்ல. குடும்பத்தோட. முழுசா விசா கிடைச்சிருக்கு.”

ஊரே கேட்டது. என் குரல் அப்படி.

சார்ஜன் அரிசித் தூசியைத் தட்டிவிட்டுப் பாஸ்போட்டைப் புரட்டினார். “விசா எங்க?” அந்த நாட்டு விசாவுக்குப் பாஸ்போட்டில் முத்திரை கிடையாது. எல்லாம் போனுக்குத்தான் வரும். அதைத் தேடி எடுத்துக் காட்டினேன். டிக்கெட்டையும் காட்டினேன். அவர் வெயிலுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். எனக்கு அப்போது மாதாவின் பெயர்கூட வாயில் வரவில்லை.

“இவ்வளவு சுத்தமான பேப்பர் வச்சுக்கொண்டு என்னத்துக்கம்மா இப்பிடி ஒளிக்கிறீங்க?”

என்ன சொல்வது? வேலியில் நிற்கிற இத்தனை பேரின் வாய்க்குப் பயம் என்று அவர்கள் முன்னாலேயே சொல்ல முடியுமா? நான் குனிந்துகொண்டேன். அவர் வேலியை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கட்டவஹவா?”

தலையாட்டினேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். “எங்கட நங்கி, என்ட சொந்தத் தங்கச்சி, இத்தாலிக்குப் போனதும் பிளேன் ஏறின பிறகுதான் எனக்கே தெரியும். நான் பொலிஸ்காரன்!” என்று பாஸ்போட்களைத் திருப்பித் தந்தார். கேன்களை விறாந்தையில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“நான்தான்”

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் நான் வேலிப் பக்கம் திரும்பிவிட்டேன். பயம் போன இடத்தில் கோபம் வந்து குந்திக்கொண்டது.

“ஆர் போன் பண்ணினது? எங்கட சோத்தில மண் போட்டது ஆர்? முகத்தைக் காட்டுங்க பாப்பம்!”

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உண்மையில் பார்ப்பதற்கு ஒரே முகம்தான் இருந்தது.

“நான்தான்” என்றார் ரோஸ்லின் மச்சாள்.

மறுப்பார் என்று நினைத்திருந்தேன். அதற்கு நான் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் வீணாகிவிட்டன. இவர்தான் கேட்டார். “ஏன் அக்கா?”

“மடுவுக்குப் போறம் எண்டு சொன்னாளே உன்ட பெண்சாதி.” மச்சாள் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தே சொன்னார். “என்ட பிள்ளையும் மடுவுக்குப் போறன் எண்டுதான் சொல்லிட்டுப் போனவன். நான் பாய் சுருட்டிக் குடுத்தன். மாதாவுக்கு மெழுகுதிரி குடுத்து விட்டன். நேத்து இவள் அதையே சொல்றாள். விறாந்தையில கேன் நிக்குது. ரெண்டு பிள்ளைகளையும் கடல்ல ஏத்தப் போறீங்க எண்டு நினைச்சன்.”

“என்னைப் பிடிச்சு உள்ள போட்டிருப்பாங்களே அக்கா.”

“போடட்டும்” என்றார். “உள்ள கிடந்தா நான் சோறு கொண்டு வந்து பாப்பன்.”

வேலியில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. அதை யாரும் பார்க்கக் கூடாதென்று குசினிக்குள் போய்ச் சும்மா ஒரு வெங்காயத்தை வெட்டினேன்.

ஜூட்சன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பறந்தது எது?

ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் எங்கள் பயணம் நிற்கவில்லை. கட்டவஹ பொய் என்று இதற்காக நான் சொல்லமாட்டேன். ஜீப் வந்ததோடு கண்ணூறு கழிந்துவிட்டது என்பதுதான் இன்றுவரை என் கட்சி.

பயண நாளில் எயார்போட் வேனில் மச்சாள் தானாகவே ஏறிக்கொண்டார். “பிளேன்ல ஏறுறதை நான் பாக்கணும்.” இவ்வளவு நடந்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வழியில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர், ஆனாலும் தடவிப் பார்த்தார். எயார்போட் வாசலுக்குள் அவரை விடவில்லை. பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வெளியே நின்றார்.

பிறகு நடந்ததை வேன்காரர் போனில் சொன்னார். மச்சாள் ஊருக்குத் திரும்ப மறுத்து, ஓடுபாதை தெரிகிற வேலிக்கரையில் வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மேலே எழும்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் கைகாட்டியிருக்கிறார். எங்களுடையது எது என்று அவருக்குத் தெரியாது.

சுத்திக் காட்டு

மெல்பேர்ணில் வாடகை வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வீடியோ கோல் எடுத்தேன். “வந்து சேந்திட்டம் மச்சாள்.”

“அந்தக் கதையை விடு” என்றார். ஜூட்சன் போன பிறகும் யாரோ ஒருவன் போன் பண்ணி, எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னானாம். அதை நம்பி மச்சாள் வீட்டில் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். “போனைத் திருப்பிச் சுத்திக் காட்டு.”

அறையைக் காட்டினேன், குசினியைக் காட்டினேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பிறகு தெருவுக்குப் போகச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். பூசை முடிந்ததும் அழைப்பார். “வெளியில நிண்டு கதை. பஸ் நிக்கிற இடத்தைக் காட்டு. அந்த ரயில் ஸ்டேசன் பக்கம் போறியா?”

எனக்குப் பழைய குணம் தலைதூக்கியது. “உங்கட அக்கா இன்னும் எங்களை உளவு பாக்கிறா” என்று இவரிடம் சொன்னேன். “வீடு சின்னன், கார் இல்ல எண்டு ஊரில போய்க் கதைக்கத்தான் இவ்வளவு விசாரணை. என்ட வாயையே திறந்து பாத்தவ, வேற என்ன செய்வா?”

சாப்பாட்டு மேசையில் இருந்த மூத்த மகள் ஷரோன்தான் தலை நிமிராமல் சொன்னாள்.

“மாமி எங்களைப் பாக்கிறதே இல்ல மம்மி. போன கிழமை ஸ்டேசனில நான் கைகாட்டினன், அவ காணல்ல. பின்னால ரயிலால இறங்கிப் போற ஆக்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. எங்கட நிறத்தில ஆராவது பெடியன் போனா, முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வாறா.”

இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போனார். நான் கையில் குழைத்த சோற்றோடு அப்படியே இருந்தேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கள் பகுதிச் சந்தைக்குப் போகிறேன். இலங்கை ஆட்கள் முருங்கைக்காயும் கீரையும் வாங்க நிறைய வருகிற இடம். அவர் அழைத்ததும் நான் என் முகத்தைக் காட்டுவதில்லை. போனை வெளிப்பக்கம் திருப்பி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் நடக்கிறேன். எதற்கு என்று நானும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை.

“கொஞ்சம் மெதுவாப் போ ஜெசி” என்பார்.

மெதுவாகப் போகிறேன்.